பஞ்சர் கடை ஸ்டூல்

எங்கள் வீட்டில் நெஞ்சு வலி என்றால் அது என்னுடையது. வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது என்றுதான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அது வந்தது வேலை செய்கிற இடத்தில். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் தோட்டக்காரனாக இருக்கிறேன். ஒரு நாள் காலை புல்தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது நடு நெஞ்சில் யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இடது கை தோளிலிருந்து சுண்டுவிரல் வரை இழுத்தது. கையிலிருந்த ஓஸ் கீழே விழுந்து தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. சினிமாவில் வருகிற மாதிரியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேனாம். ஒருவர்கூட வாயு என்று சொல்லவில்லை. ரிசார்ட் காரிலேயே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்றைக்கே அடைத்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்கிற கம்பிச் சுருளை வைத்துவிட்டார்கள்.

அதுவரை என்னை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடினால் ஓரமாகப் போய் நிற்பவன். கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. நெஞ்சு வலி வந்த பிறகு தெருவே என்னை நிறுத்தி விசாரித்தது. "இப்போ எப்படி கீது?" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். என் மனைவி எனக்கென்று தனியாக உப்பு குறைத்துச் சமைத்தாள். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வேலை பார்த்துச் சம்பாதித்த மரியாதையைவிட அந்த மாத்திரை சம்பாதித்துக் கொடுத்த மரியாதை அதிகம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் ஒன்று சொன்னார். "ஆம்பளைங்களுக்கு இது சீக்கிரம் வந்துடுது. பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு இருக்கிற வரைக்கும் உடம்புல ஒரு ஹார்மோன் சுரக்கும். அது ரத்தக் குழாயைக் காப்பாத்திக்கிட்டே இருக்கும். அதனால அவங்களுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் வரும்."

அப்போது என் மனைவி பக்கத்தில் நின்று மருந்துப் பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். வாட்டசாட்டமாக, கையில் கண்ணாடி வளையலோடு, ஒரு குறையும் இல்லாமல் நின்றாள். வயிறு எரிந்தது. ஒரே வீட்டுச் சோற்றைத்தானே இரண்டு பேரும் தின்றோம். எனக்கு மட்டும் கம்பி வைத்திருக்கிறது. இவளுக்கு உள்ளே இலவசமாகக் காவல்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "உனக்கு இன்னா. உள்ளயே வாட்ச்மேன் கீறான்."

அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. எனக்கு உப்பில்லாத கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, அவள் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டு, "நீ பாக்காத, கண்ணு படும். எனுக்குத்தான் வாட்ச்மேன் கீறானே" என்பாள். நான் எரிச்சலோடு சிரிப்பேன். டாக்டர் சொன்னதில் "இருக்கிற வரைக்கும்" என்று ஒரு வார்த்தை இருந்தது. அது காதில் விழுந்தது. மனசில் நிற்கவில்லை.

எங்கள் ஊருக்குப் போகிற வழியைச் சொல்ல வேண்டும். பஸ் நிற்கிற மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிளைச் சாலை பிரிந்து, ஏரிக்கரை மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் எங்கள் வீடுகள். ஏற்றம் பெரிதில்லை. ஆனாலும் சைக்கிளில் வருபவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். அந்த ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு பஞ்சர் கடை.

கடைக்காரன் மதுராந்தகத்திலிருந்து வந்தவன். என் வயதுதான் இருக்கும். மனைவி இறந்துபோய், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தனியாகக் கடைக்குள்ளேயே தங்கியிருந்தான். நல்ல உயரம். முழங்கை வரை கருப்பு மசி. டயரைக் கழற்றும்போதும் பேசுவான், மாட்டும்போதும் பேசுவான். வாயில் ட்யூபைக் கவ்விக்கொண்டிருக்கும்போதுகூடக் கண்ணால் பேசுவான். ஊரில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அந்த ஸ்டூலைப் பார்க்கிற வரை.

இரும்புக் கால் ஸ்டூல். பழைய ட்யூபை நீளநீளமாகக் கிழித்து, கட்டிலுக்கு நாடா பின்னுகிற மாதிரி பின்னியிருப்பான். உட்கார்ந்தால் பஞ்சு மாதிரி அமுங்கும் என்பார்கள். கடை வாசலில், டேபிள் ஃபேன் காற்று படுகிற இடத்தில் அது கிடக்கும்.

தினமும் சாயங்காலம் நடக்கச் சொல்லி டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் ஏரிக்கரை மேல் நடப்பேன். என் மனைவி டவுன்ஷிப்பில் ஒரு உத்தியோகஸ்தர் வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த நேரத்துக்குத்தான் வருவாள். ஒரு நாள் கரை மேலிருந்து கீழே பார்த்தேன். அவள் பஞ்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

கால் வலித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த நாளும். மேலேயிருந்து பார்த்தால் பேச்சு கேட்காது. ஆள் மட்டும் தெரியும். அவன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வதும், இவள் தலையைச் சாய்த்து, ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்பதும் தெரிந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற அளவுக்கு அப்படி என்ன கதை? என்னிடம் அவள் அப்படி உட்கார்ந்து எதையும் கேட்டதில்லை. நான் அப்படி எதையும் சொன்னதும் இல்லை.

ஒரு நாள் அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினாள். அவன் மசிக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு எடுத்துத் தின்றான். வடை. வேலை செய்கிற வீட்டு அம்மா கொடுத்திருப்பார். எனக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று அவள் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. எனக்கு ஆகாத வடையெல்லாம் எங்கே போகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தவளிடம், "நேரா வூட்டுக்கு வர்றது தானே?" என்றேன்.

"குந்தி மூச்சு வாங்கிட்டு வரேன்யா. ஏத்தம் ஏற முடியல."

"நான் ஏறுறேன். ஸ்டென்ட் வச்சவன்."

"நீ மகராசன். ஏறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. கம்பி வைத்த நானே ஏறுகிறேன், உள்ளே வாட்ச்மேன் இருக்கிற இவளுக்கு என்ன வந்தது?

அவன் இவளை என்னவென்று கூப்பிடுகிறான் என்று தெரிந்துகொள்ள, சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சாக்கில் போய் நின்றேன். தங்கச்சி என்றால்கூட மனசு ஆறியிருக்கும். "இன்னாமே, இன்னிக்கு லேட்டு?" என்றான். இவள் "பஸ்ஸு பேஜாரு அண்ணாத்த" என்றாள். என்னைப் பார்த்ததும் அவன், "வா மச்சான்" என்றான். என்னை மச்சான் என்றால் இவள் அவனுக்குத் தங்கை முறைதான். அந்தக் கணக்கை நான் வீடு வரை போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். சரியாகத்தான் வந்தது. மனசுதான் ஒப்பவில்லை.

இதற்கு நடுவில் அவள் உடம்பைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மேல் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில் பிடிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிடச் சொன்னாள். ஸ்டூல் போட்டவனைப் போய்க் கேள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன். "ஐயே, மண்வெட்டி புடிக்கிற கை" என்று முனகினாள். தாடை வலிக்கிறது என்றாள். பல் சொத்தை என்றேன். பாத்திரம் விளக்கினாலே சோர்வாக இருக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றாள். மெடிக்கலில் வாயுவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு தடவை தயங்கித் தயங்கி, "உனுக்கு வந்தா மாதிரி எனுக்கும் ஏதாச்சும் இருக்குமோ?" என்று கேட்டாள்.

"நெஞ்சு வலிச்சா சொல்லு" என்றேன்.

"நெஞ்சு வலிக்கல. முதுகுதான்."

"அப்போ அது வேற."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஊரில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு வியாதிதான். அதிலும் பங்குக்கு வருகிறாளே என்று இருந்தது. அரிசி மூட்டை இறங்கவில்லை, கை இழுக்கவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. என் வலியோடு வைத்துப் பார்த்தால் அவளுடையது ஒரு வலியே இல்லை. அவள் வேலை செய்கிற வீட்டிலும், எங்கள் மகளும்கூட, "அப்பாவுக்கு வந்த மாதிரியா இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். இல்லை என்று அவளே சொன்னாள். அதோடு முடிந்தது.

ஆடி மாதம், நல்ல காற்று. கரை மேல் நடந்துகொண்டிருந்தேன். கீழே பார்த்தபோது அவள் ஸ்டூலில் இருந்தாள். அவன் அவள் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டை. இன்னொரு கையில் அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தான்.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கால் பரபரவென்று கொண்டுபோனது. இத்தனை வருஷத்தில் எந்த மனிதனையும் நான் கை நீட்டிப் பேசியதில்லை. அன்றைக்கு அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் நிமிர்ந்து, "வந்துட்டியா மச்சான்! நானே ஆள் அனுப்பலாம்னு பாத்துகினு கீறேன். கை பாரு, ஐஸு மாதிரி கீது. நாலஞ்சு மாசமா சொல்லிகினே கீறேன், ஆஸ்பத்திரிக்குப் போ, ஆஸ்பத்திரிக்குப் போன்னு. காதுலயே வாங்க மாட்டேங்குது உன் பொண்டாட்டி" என்றான்.

நாலஞ்சு மாசம். அந்த வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். இவளுக்கு உடம்பு சரியில்லை என்று அவனுக்கு நாலஞ்சு மாதமாகத் தெரியும்.

அவள் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் பூத்துப்போயிருந்தது. மேலுதட்டில் வேர்வை. தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கரை மேலிருந்து தினம் பார்த்த அதே கை, அதே தாடை. கதை கேட்கிற கை இல்லை அது.

"ஒண்ணியும் இல்லயா... கொமட்டிகினு வருது" என்றாள்.

கடை வாசலில் ஒரு ஆட்டோ சக்கரம் கழற்றி ஜாக்கியில் நின்றது. "நூத்தியெட்டுக்குப் போன் போட்டேன், தூரத்துல கீதாம். இதுலயே போய்டலாம்" என்று சொல்லி அவன் சக்கரத்தைத் தூக்கினான். நட்டுகளை விரலாலேயே சுழற்றிவிட்டு, ஸ்பானரால் ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. ஆட்டோக்காரர் டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் வண்டி தரையில் நின்றது. நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்த நேரத்திலும் அவன் கை போகிற வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

"நானும் வரட்டா மச்சான்?"

"வேணாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி உள்ளே போனோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருப்பா" என்று எனக்கு இடம் கொடுத்தார். நான் பழக்க தோஷத்தில் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "எனக்கில்லை, இவளுக்கு" என்று சொன்னபோது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

உள்ளே ஒரு லேடி டாக்டர். சின்ன வயது. ஈசிஜி எடுத்துப் பார்த்த உடனே படுக்க வைத்துவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ஆஞ்சியோ. எனக்குச் செய்ததெல்லாம் அவளுக்கும் செய்தார்கள். நான் வெளியே நின்றேன். எனக்கு ஆஞ்சியோ செய்தபோது அவள் எங்கே நின்றிருப்பாள் என்று அந்த வராந்தாவைப் பார்த்தேன். அவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. சமையல், துணி என்று யோசிக்கவில்லை. கருவாட்டைக் காட்டி என்னைக் கேலி செய்ய ஆள் இருக்காது என்றுதான் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொன்னார். "பெரிய குழாய்ல அடைப்பு இல்லை."

எனக்குள் என்ன ஓடியது என்பதை அப்படியே எழுதுகிறேன். அப்போ என்னுடையதுதான் நிஜம் என்று ஓடியது. ஒரு விநாடிதான்.

"ஆனா இது இதய நோய்தான்" என்றார் டாக்டர். "பெரிய குழாயிலேர்ந்து முடி மாதிரி சின்னச் சின்னக் குழாய் நிறையப் பிரியுது. அதுங்க சரியா விரியல. வேலை செய்யும்போது, ஏத்தம் ஏறும்போது இதயத்துக்கு ரத்தம் பத்தல. பெண்களுக்கு இந்த மாதிரி நிறைய வருது. நெஞ்சுல வலிக்காம முதுகுல, தாடையில, வெறும் சோர்வா, மூச்சு வாங்கலா வரலாம். அதனால வாயுன்னு நினைச்சு விட்டுடறாங்க."

நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி படுக்கையில் எழுந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "டாக்டரம்மா, எனுக்குத்தான் உள்ள வாட்ச்மேன் கீறான்னு இவரு சொல்லுவாரே? அந்த ஹார்மோனு. இவரு ஆஸ்பத்திரில படுத்தப்போ பெரிய டாக்டரு சொன்னாரு" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார், "மாதவிலக்கு எப்போ நின்னுச்சு உங்களுக்கு?"

"அத்த எங்க நின்னுச்சு. எடுத்துட்டாங்க."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அவளுக்குப் பெரும்பாடு என்கிற ரத்தப்போக்கு நிற்காமல் போய், கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. எங்கள் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் பலருக்கும் நடப்பதுதான். பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு, மாதம் மாதம் கூலி போகாமல் இருக்கும் என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டு போய்ச் செய்துகொள்வார்கள். அவள் அப்போது நாற்பதைக்கூடத் தொடவில்லை. டாக்டர் உடனே ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சினைப்பை இரண்டையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள் என்றார். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எடுத்தது எடுத்தாயிற்று என்றுதான் இருந்தோம்.

"வாட்ச்மேன்னு சொன்னீங்கல்ல" என்றார் டாக்டர். "வாட்ச்மேனுக்கு உக்கார ஒரு சேர் வேணும். ரத்தக் குழாயோட உள்பக்கச் சுவத்துல அந்த மாதிரி சேருங்க இருக்கு. ரிசெப்டர்னு சொல்லுவோம். ஹார்மோன் ரத்தத்துல சும்மா சுத்திக்கிட்டிருந்தா பிரயோஜனம் இல்ல. அந்தச் சேர்ல வந்து உக்காரணும். உக்காந்தாதான் குழாய்க்கு உத்தரவு போகும், தளர்ந்து கொடு, விரிஞ்சு கொடுன்னு. அந்த ஹார்மோன் சுரக்கிறதே சினைப்பையிலதான். அதை எடுத்ததும் சட்டுனு கொறைஞ்சுபோச்சு. சேர் அப்படியே இருக்கு. உக்கார ஆள் இல்ல."

உட்காருகிற இடம் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பஞ்சர் கடை ஸ்டூல்தான் கண்ணில் நின்றது.

"ஆம்பளைங்களுக்கு அந்தச் சேரு இல்லயா?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு எப்போதும் கேட்க வாய் வரும்.

"அவங்களுக்கும் உண்டு. உக்கார வர்றது கொஞ்சம். அவங்களுக்கு முக்கியமா வேற ஹார்மோன். அதான் அவருக்கு ஒரு மாதிரி, உங்களுக்கு ஒரு மாதிரி."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன். "அந்த ஹார்மோனை மாத்திரையா வாங்கிக் குடுக்க முடியாதா?"

"இத்தனை வருஷம் கழிச்சு, இதயத்துக்காகன்னு அதைக் கொடுக்க மாட்டோம். ரத்தம் கட்டிக்கிற ஆபத்து இருக்கு. ஆள் இல்லாம ரொம்ப நாள் கிடந்த வீட்டுல திடீர்னு போய் உக்கார முடியாது பாருங்க. வேற மாத்திரை இருக்கு. பிரஷரை, கொழுப்பைக் கட்டுப்பாட்டுல வைக்கணும். மெதுவா நடக்கணும். வலி வந்தா உடனே உக்காந்து நாக்குக்கடியில ஒரு மாத்திரை. உங்களுக்குக் கொடுத்திருக்காங்கல்ல, அதேதான்."

அதேதான் என்றதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ரிசார்ட்டில் செடிகளுக்குச் சொட்டு நீர்க் குழாய் போட்டிருக்கிறோம். பெரிய குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டு வரும். செடி மட்டும் வாடும். உப்புப் படிந்து சொட்டுகிற சின்ன ஓட்டைகள் மூடிப்போயிருக்கும். அது மாதிரியா டாக்டர் என்று கேட்க நினைத்தேன். நாக்கு நுனி வரை வந்தது. வழக்கம்போல உள்ளேயே போய்விட்டது. வீட்டில் ஆற அமர அவளிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அதற்கும் பஞ்சர் கடைக்காரன் முந்திக்கொண்டான். அவளைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தவன், விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "அட, நம்ம தொழில்ல தினம் பாக்கறதுதான் இது. ட்யூபைத் தண்ணில முக்கினா குமிழே வராது. ஓட்டையே இல்லம்பான். காலைல பாத்தா காத்து எறங்கி கீது. கண்ணுக்கே தெரியாத சில்லி ஓட்டைமே உனுக்கு!" என்றான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் போன பிறகும் "சில்லி ஓட்டையாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் சொட்டு நீர்க் குழாயை அப்படியே விழுங்கிவிட்டேன்.

கொஞ்ச நாள் ஓய்வுக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். நானும் சாயங்காலம் கரை மேல் நடப்பதை விட்டுவிட்டு, ஏற்றத்தின் அடியில் போய் நின்றேன். அவள் இறங்கியதும் நேராகப் பஞ்சர் கடை ஸ்டூலுக்குத்தான் போனாள். போதாததற்கு, மாத்திரை அட்டையை அவனிடமே கொடுத்து வைத்திருந்தாள். "பையில வச்சா சமையக்கட்டுல விட்டுட்டு வந்துடறேன். வலி வர்றது இந்த ஏத்தத்துல. அப்போ இங்கதானே இருக்கணும்?" என்றாள். நியாயம்தான். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவுக்குப் பக்கத்தில் என் மனைவியின் உயிர் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, சாலைக்கு எதிர்ப்பக்கம், வேப்ப மரத்தடியில் போட்டேன். யாரும் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க, தோட்டத்துக் கயிற்றால் லைட்டுக் கம்பத்தில் கட்டினேன். பஸ்ஸை விட்டு இறங்கியவள் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யோவ், இது இன்னாயா? மாட்ட கட்னா மாதிரி சேர கட்டிவச்சிகினு கீறே?"

"நீ குந்தத்தான்."

"அங்க ஸ்டூலு கீதே. ஃபேனு கீதே."

நான் குனிந்து கயிற்று முடிச்சை இறுக்கினேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அப்போது பட்டது. அன்றைக்கு மட்டும் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே அவன், "இன்னா மச்சான், போட்டிக் கடையா?" என்று கத்தினான். மறுநாள் வெயில் அதிகம். அவள் ஃபேன் காற்றுக்குப் போய்விட்டாள். என் நாற்காலியில் காக்கை எச்சம் போட்டது. நான் தினமும் துடைத்து வைத்தேன்.

பேரனுக்குக் காது குத்து என்று அவன் மதுராந்தகம் போனான். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. அன்றைக்கு பஸ் தாமதம். அவள் இறங்கி வேகமாக நடந்து வந்தாள். நடந்துகொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். கை தாடைக்குப் போனது.

நான் ஓடவில்லை. ஓடினால் அவள் பயந்துவிடுவாள். வேகமாகப் போய் முழங்கையைப் பிடித்து, மெதுவாக நடத்திக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் எதிரே மூடியிருந்த ஷட்டரைப் பார்த்தாள்.

"மாத்திரை... அங்க உள்ள கீது" என்றாள். கண்ணில் பயம்.

சட்டைப் பையில் கையை விட்டேன். எனக்கென்று வைத்திருந்த மாத்திரை. எத்தனை சட்டைக்கு மாறி மாறிப் போயிருக்கும். பழையது தேதி முடிந்து புதிது வாங்குவேனே தவிர, எனக்கு ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதே இல்லை. அட்டையைப் பிரித்தேன். அவள் குழந்தை மாதிரி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். அடியில் வைத்தேன். பிறகு குனிந்து நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் போனது. ஒரு ஷேர் ஆட்டோ போனது. உதட்டில் மெல்ல நிறம் வந்தது. கை தாடையிலிருந்து இறங்கி மடியில் விழுந்தது.

"உன் மாத்திரைய நான் துன்னுட்டேன்" என்றாள்.

"பரவால்ல."

"எப்பவும் தொட்டுத் தொட்டுப் பாத்துப்பியே."

"அதான், பரவால்லன்னு சொல்றேனே."

அவளை உடனே எழ விடவில்லை. பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, சொட்டு நீர்க் குழாயைச் சொன்னேன். பெரிய குழாய், சின்ன ஓட்டை, உப்பு, வாடுகிற செடி. திக்கித் திக்கித்தான் சொன்னேன். தாடையில் கை வைக்காமல், தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஷோக்கா கீதே. அன்னிக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லி இருக்கலாம்ல?" என்றாள். பிறகு, "சில்லி ஓட்டைய விட இது நல்லா கீது" என்றாள். அதை அவள் எனக்காகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார்.

ஊரிலிருந்து வந்தவன் விஷயத்தைக் கேட்டதும், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான். "நான் இல்லாத நாளாப் பாத்தா வரும்? அட்டை உள்ள மாட்டிகிச்சே. அப்புறம் யாரு மாத்திரை குடுத்தது?"

"எங்க வூட்டுக்காரருதான். அவரு பையிலதான் எப்பவும் கீதே" என்றாள் அவள். அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதை என் சட்டைப் பையில் செருகினாள்.

அவன் "நல்லதாப் போச்சு மச்சான்" என்றான். நல்ல மனிதன். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் வழக்கமாக வார்த்தைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வருமே, அது வரவில்லை. ஸ்டூலைக் காலால் நகர்த்தி ஃபேனுக்கு நேராக வைத்தான். அவள் அன்றைக்கு உட்காரவில்லை.

மெதுவாக ஏற்றத்தில் ஏறினோம். பாதி வழியில் அவள் நின்று, என் தோளில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டாள். நான் திரும்பிக் கீழே பார்த்தேன். அவன் கடை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேயிருந்து பார்த்தால் பேச்சு கேட்காது என்று எனக்குத் தெரியும். ஆள் மட்டும்தான் தெரியும்.

"போலாமா?" என்றாள்.

"கொஞ்சம் இரு. நல்லா மூச்சு வாங்கிக்க" என்றேன்.